கைச்சூட்டுக்கு ஓர் ஆதாரம்

நான் தேத்தண்ணீருக்குச் சீனி போடுவதில்லை. நேற்று நீங்கள் தந்த தேத்தண்ணீரில் சீனி இருந்தது. குடிக்காமல் வைத்ததை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குச் சீனி வருத்தம் கிடையாது. என் மனைவி ஞானாம்பிகைக்கு இருக்கிறது. கலியாணம் முடித்து மூன்றாம் வருடம் அதைக் கண்டுபிடித்தோம். அன்றைக்கே நானும் சீனியை விட்டுவிட்டேன். ஒரே வீட்டில் ஒருவர் இனிப்பாகக் குடிக்க மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதச் சொல்லிக் கொப்பியும் பேனையும் தந்திருக்கிறீர்கள். எழுதுகிறேன். நான் எதையும் ஒளிக்கவில்லை என்பதை மட்டும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒளித்திருந்தால் நீங்கள் என்னை இங்கே விசாரணைக்குக் கூட்டிவந்திருக்க முடியாது. என் பரிசோதனைக் கொப்பிகளை டொக்டர் தியாகராசாவின் மேசையில் கொண்டுபோய் வைத்தவன் நான்தான்.

என் பெயர் அருளம்பலம். வயது ஐம்பத்துமூன்று. கொழும்பில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடம் வேலை செய்தேன். இரத்தம், சலம், சளி என்று எதைக் கொண்டுவந்து தந்தாலும் அதற்குள் என்ன இருக்கிறது என்று சொல்வது என் தொழில். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டை எரித்தார்கள். அகதி முகாமில் பதினொரு நாள் இருந்தோம். அங்கே போன முதல் நாளிலிருந்து என் கைகள் நடுங்கத் தொடங்கின. கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாது. ஞானாம்பிகைதான் சோற்றைக் குழைத்து ஊட்டிவிட்டாள்.

முகாமில் உதவி செய்ய வந்தவர்களில் ஒரு வெளிநாட்டு அம்மா இருந்தார். எழுபது வயதிருக்கும். ஆறாம் நாள் அவர் என் பின்னால் வந்து, தோள்களில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் பேசாமல் நின்றார். வெந்நீர் ஒத்தடம் பிடித்ததுபோல ஒரு சூடு முழங்கை வரைக்கும் இறங்கியது. நடுக்கம் நின்றுவிட்டது. அதற்கு ரெய்கி என்று பெயர் சொன்னார். யப்பானில் தோன்றிய முறையாம். எங்கும் நிறைந்திருக்கும் ஒரு சக்தி, கை வைப்பவர் வழியாக நோயாளியின் உடம்புக்குள் போகிறதாம். கப்பல் ஏறும் வரையில் மிச்சம் ஐந்து நாளும் அவரிடம் முறையைக் கற்றுக்கொண்டேன். எந்த இடத்தில் கை வைப்பது, எவ்வளவு நேரம் வைப்பது, மூச்சை எப்படி விடுவது என்று எல்லாம் சொல்லித் தந்தார். அவருக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. எனக்கு இருந்தது. கண்ணாடிக் குழாய்களுக்கு முன்னால் பத்தொன்பது வருடம் நின்றவன் நான். ஒன்று உண்மையென்றால் அதை அளந்து காட்ட முடிய வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பு ஞானாம்பிகையின் ஊர். அங்கே வந்து, வீட்டின் முன்னறையில் சிறியதாக ஒரு பரிசோதனை அறை வைத்தேன். தொண்ணூறில் சண்டை தொடங்கிக் கரண்ட் நின்ற பிறகு பெரிய சோதனைகள் எதுவும் செய்ய முடியவில்லை. சலத்தில் சீனி பார்ப்பதற்குக் கரண்ட் தேவையில்லை. கொடிமுந்திரிகைத் தோட்டக்காரர் கொடிக்கு அடிக்கும் மயில்துத்தத்தில் நானே பெனடிக்ட் கரைசலைக் காய்ச்சினேன். அந்த நீலக் கரைசலில் எட்டுத் துளி சலம் விட்டுச் சூடாக்கினால் போதும். சீனி இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, கூடினால் மஞ்சள். மிக மோசமென்றால் செங்கல் நிறம்.

சோதனைக்கு வருகிறவர்களில் தலையிடி, இடுப்பில் நாரிப்பிடிப்பு என்று சொல்கிறவர்களுக்கு நான் கை வைத்தும் விடுவேன். அதற்கு எதுவும் வாங்குவதில்லை. சிலர் என்னை நாட்டு வைத்தியரைப்போலப் பரியாரியார் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

டொக்டர் தியாகராசா அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று ஊரிலேயே மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். என் சோதனைகளில் அவருக்கு நல்ல நம்பிக்கை. கை வைப்பதில் மட்டும் இல்லை. நான் இரண்டு கோப்பையில் பயறு முளைக்கப் போட்டு, ஒன்றுக்கு மட்டும் தினமும் கை வைத்து, அந்தக் கோப்பையின் முளை நீளமாக வந்திருப்பதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"பயறுக்கு என்ன வருத்தமெண்டு கை வைச்சனீர்?"

பிறகு நாற்பத்திரண்டு பேரின் பெயர்களை எழுதிக்கொண்டு போனேன். எல்லோரும் சுகம் என்று சொன்னவர்கள். அதையும் அவர் ஏற்கவில்லை.

"அருளம்பலம், நீர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டு, சுகமோ எண்டு கேட்டா, ஆர் இல்லையெண்டு சொல்லுவினம்? சனத்துக்கு உம்மிலை மரியாதை. மரியாதை ஆதாரமில்லை. நீர் லாப்பிலை நிண்ட ஆள், உமக்கு நான் சொல்லவேணுமே? பொய் சொல்லத் தெரியாத ஒண்டைக் கொண்டாரும், பாப்பம்."

வீட்டுக்கு வரும் வழி முழுவதும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அவர் சொன்னது நியாயம். பொய் சொல்லத் தெரியாத ஒன்று என் அறையிலேயே இருந்தது. சலத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.

அப்போது எங்கள் பக்கத்தில் இன்சுலின் ஊசியில் உயிர் வாழ்ந்தவர்கள் நான்கு பேர். ஒருத்தி ஞானாம்பிகை. மற்றவர்கள் கதிரவேலு அண்ணை, கிறகோரி, மரியரட்ணம். கதிரவேலு அண்ணை புகையிலைத் தோட்டக்காரர். அறுபது தாண்டியவர். ஐம்பதுக்கு மேல்தான் அவருக்கு வருத்தம் வந்தது. கிறகோரி சைக்கிள் திருத்துகிறவர். நாற்பது வயது. மரியரட்ணம் குருநகர்ப் பிள்ளை. தொண்ணூறில் கடற்கரைப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியபோது தாய் லூர்த்தம்மாவுடன் இடம்பெயர்ந்து வந்து, தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டிலில் இருந்தாள். இருபத்திரண்டு வயது. பதின்மூன்று வயதிலிருந்து ஊசி.

மருந்து கப்பலில் வரும். டொக்டர் எப்படியோ எடுத்து என்னிடம் தருவார். குளிர்ப்பெட்டி வேலை செய்யாத காலம் என்பதால் ஈரமணல் போட்ட மண்முட்டிக்குள் குப்பிகளைப் புதைத்து வைத்திருந்தேன். நான்கு பேருக்கும் காலையும் பின்னேரமும் ஊசி போடுவது நான். சுத்தமான கை என்று எல்லோரும் சொல்வார்கள். என் ஊசி நோவதில்லை என்று மரியரட்ணம் சொல்வாள்.

தொண்ணூற்றுமூன்று மாசியில் கப்பல் பிந்தியது. பங்குனியில் வந்தபோது பாதி மருந்துதான் கிடைத்தது. ஞானாம்பிகை முட்டியைத் திறந்து குப்பிகளை எண்ணிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, அடுத்த முறை இதுவும் வராட்டி நாங்கள் என்ன செய்யிறது?"

"அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீர் யோசியாதையும்," என்றேன்.

அந்தக் கிழமைதான் பரிசோதனையைத் தொடங்கினேன். அந்தக் கேள்விக்கும் பரிசோதனைக்கும் தொடர்பில்லை. காலம் அப்படிப் பொருந்தி வந்தது.

முறை எளிமையானது. இன்சுலினைப் படிப்படியாகக் குறைத்து, குறைத்த அளவுக்கு ஊசியில் உப்புத் தண்ணீரைச் சேர்ப்பது. எங்களுக்கு வந்தது தெளிந்த மருந்து. உப்புத் தண்ணீரும் தெளிவானது. முதல் பத்து நாள் முக்கால் பங்கு மருந்து, அடுத்த பத்து நாள் பாதி, பிறகு கால் பங்கு, பிறகு உப்புத் தண்ணீர் மட்டும். சிலருக்கு ஊசியோடு கையும் வைப்பது, சிலருக்கு வைக்காமல் விடுவது. கை வைத்தவர்களின் குழாய் நீலமாகவோ பச்சையாகவோ நின்று, வைக்காதவர்களின் குழாய் சிவந்தால் அதற்கு மேல் எந்த டொக்டரும் கதைக்க முடியாது. அவர்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று நேற்றுக் கேட்டீர்கள். சொன்னால் மனம் குறுக்கே வரும். பயத்தில் சீனி ஏறும். எந்த ஆராய்ச்சியிலும் சொல்வதில்லை.

ஞானாம்பிகையை இதில் சேர்க்கவில்லை. ஆராய்கிறவன் தன் வீட்டு ஆளைச் சேர்த்தால் முடிவு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அது விதி.

ஆகவே மூன்று பேர். இருவருக்குக் கை, ஒருவருக்கு இல்லை. அந்த ஒருவரை நானே தெரிந்தெடுத்தால் அதிலும் சாய்வு வரும். மூன்று துண்டுக் கடதாசியில் பெயர்களை எழுதி மடித்துத் தட்டில் போட்டு, குசினிக்குக் கொண்டுபோய் ஞானாம்பிகையிடம் நீட்டினேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்டை எடும்."

"கை ஈரமாக் கிடக்கு. என்ன சீட்டு உது?"

"சின்ன வேலை ஒண்டு."

சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துவிட்டு ஒன்றை எடுத்துத் தந்தாள். கிறகோரி.

கிறகோரி கலகலப்பான ஆள். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்சைக்கிளை எப்படித் திருத்துவது என்று, நான் ஊசி போடும்போதெல்லாம் எனக்கு விளங்கப்படுத்துவார். மூன்றாம் கிழமையில் அவருடைய குழாய் செம்மஞ்சளாக வந்தது. நாலாம் கிழமையில் செங்கல். கழுத்து எலும்பு தெரிந்தது. வாசலில் இருக்கும் வாளியிலிருந்து இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

"ஐயா, இந்த முறை வந்த மருந்து பழசோ? எவ்வளவு தண்ணி குடிச்சாலும் நாக்குக் காயுது."

"நீர் என்ன சாப்பிடுறீர்?"

அவர் தலையைக் குனிந்தார். "மாம்பழம் ரெண்டு திண்டனான் ஐயா. பொடியள் தந்தாங்கள் எண்டு."

"அதுதான்," என்றேன்.

அவர் குற்றம் செய்தவர்போலப் போனார். அதற்குப் பிறகு ஒரு மாம்பழமும் தொடவில்லை என்று ஒவ்வொரு நாளும் என்னிடம் சொல்வார். குழாய் சிவந்துகொண்டே இருந்தது. ஐந்தாம் கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து படுத்தவர் எழும்பவில்லை. காலில் ஒரு புண் இருந்தது. அதிலிருந்து விஷம் ஏறியிருக்கலாம் என்று டொக்டர் நினைத்தார். நான் எதுவும் சொல்லவில்லை. பெட்டி தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன். பாரமாக இருக்கவில்லை.

அவருடைய சாவை நான் விரும்பினேன் என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் கொப்பியைத் திறந்து பார்த்தபோது ஒன்று தெளிவாக இருந்தது. கை வைக்காதவர் போய்விட்டார். அதே அளவு மருந்து எடுத்த மற்ற இருவரும் நடந்து திரிகிறார்கள். கதிரவேலு அண்ணையின் குழாய் மஞ்சளுக்கு மேல் போகவில்லை. மரியரட்ணத்தின் குழாய் பச்சை.

அந்தப் பச்சையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இளம் வாழையிலை நிறம். குழாயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நான் நின்றபோது அவளும் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"நல்லமோ ஐயா?"

"நல்லம் பிள்ளை. நல்லா வருது."

"அப்ப எழுதுங்கோவன். இல்லை, தாங்கோ, நான் எழுதுறன். உங்கடை எழுத்து கோழி கிண்டின மாதிரி."

அன்றிலிருந்து நிறங்களைக் கொப்பியில் எழுதியது மரியரட்ணம்தான். நல்ல உருண்டையான எழுத்து. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, திகதி, பெயர், நிறம் என்று பிரித்துத் தந்தாள். ஊசியின் அளவுகளை நான் வேறொரு கொப்பியில் வைத்திருந்தேன். அதை அவள் பார்க்கவில்லை. ஊசிக்குப் பிறகு அரை மணித்தியாலம் அவளைக் கதிரையில் இருத்தி, தலையிலும் வயிற்றிலும் கை வைப்பேன். கண்ணை மூடிக்கொண்டு இருப்பாள். சூடு தெரிகிறது என்பாள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, கரண்டும் புத்தகமும் இல்லாமல், உலகத்தில் எவரும் செய்யாத ஒன்றை நான் செய்துகொண்டிருக்கிறேன் என்று அந்த நேரங்களில் நினைத்துக்கொள்வேன்.

அவள் மெலிந்தாள். அது எனக்குத் தெரிந்தது. இடம்பெயர்ந்து வந்த பிள்ளை, சாப்பாடு போதாது என்று எடுத்துக்கொண்டேன். நிறம் பச்சையாக இருக்கும்போது வேறு எதை நினைப்பது? வைகாசி நடுவில் உப்புத் தண்ணீருக்கு மாறினேன்.

ஆறாம் நாள் காலை பத்து மணியளவில் லூர்த்தம்மா ஓடிவந்தார். மகள் விடியலிலிருந்து எதுவும் வயிற்றில் நிற்காமல் சத்தி எடுக்கிறாள் என்றார். நான் போனேன். கொட்டிலுக்குள் பாயில் கிடந்தாள். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் போய் வந்தது. பழுத்துக் கனிந்த பழத்தின் மணம் வாயில் இருந்தது. இன்சுலின் அற்றுப்போன உடம்பின் மணம் அது என்று எனக்குத் தெரியும். பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்த எவருக்கும் தெரியும்.

என் வீட்டு முட்டிக்குள் அப்போது மூன்று குப்பி மருந்து இருந்தது. நடந்து போனால் ஆறு நிமிடம். நீங்கள் கேட்பதற்கு முதல் நானே சொல்லிவிடுகிறேன், அது என் நினைவில் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் ஊசியைப் போட்டு அவள் எழும்பினால், எழுப்பியது எது என்று ஒருநாளும் தெரியவராது. ஏழு கிழமை வேலை வீணாகும். கிறகோரியின் சாவும் வீணாகும். நான் அவளுடைய தலைமாட்டில் இருந்து கை வைத்தேன்.

"ஐயா, பெரியாசுப்பத்திரிக்குக் கொண்டுபோவமோ? கோயில் சுவாமியிட்டைச் சொன்னால் வான் ஒண்டு பிடிச்சுத் தருவார்," என்றார் லூர்த்தம்மா.

"இன்னும் ஒரு மணித்தியாலம் பொறுங்கோ."

அவர் பொறுத்தார். பதினொன்றரைக்கு மீண்டும் கேட்டார். நான் மீண்டும் பொறுக்கச் சொன்னேன். அவர் மாதாவின் படத்துக்கு முன்னால் போய் முழங்காலில் நின்றார். என் கைகள் நன்றாகச் சூடாக இருந்தன. அதை இப்போதும் உறுதியாகச் சொல்வேன். மரியரட்ணம் ஒருமுறை கண்ணைத் திறந்து, "நிறம் பாத்தியளோ ஐயா?" என்று கேட்டாள். பார்க்கிறேன் என்றேன். ஒன்றே முக்காலுக்கு மூச்சு நின்றது.

செத்தவீட்டுக்கு எட்டாம் நாள் லூர்த்தம்மா என் வீட்டுக்கு வந்தார். நான் மரியரட்ணத்துக்கு எழுதக் கொடுத்த பேனையைத் திருப்பித் தர வந்திருந்தார். ஞானாம்பிகை அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"உங்களிலை அவளுக்குச் சரியான விருப்பம் ஐயா. கடைசி ஒரு மாசம் சோறே திண்ணேல்லை. கீரைத்தண்ணியும் கஞ்சித் தெளிவும்தான். ஏனடி எண்டு பேசினனான். 'சோறு திண்டால் நிறம் சிவக்கும் அம்மா, ஐயா பாவம், அவ்வளவு நேரம் கை வைக்கிறார், அவருக்கு வெக்கமாப் போடும்' எண்டாள்."

ஞானாம்பிகை எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். லூர்த்தம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் பிள்ளையைக் கடைசிவரையும் விட்டுப் போகாமல் இருந்தீர்களே என்று சொல்லி அழுதார்.

அவர் சொன்னதை நான் முடிவுகளில் சேர்க்கவில்லை. நான் கண்ணால் கண்டதில்லை. துக்கத்தில் ஒரு தாய் சொன்னது. அப்படியான தகவலை ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது.

ஆனி முதற்கிழமையில் இரண்டு கொப்பிகளையும் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போனேன். கதிரவேலு அண்ணை அப்போதும் தோட்டத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார். கால் விரல்கள் இரண்டு கறுத்திருந்தனதான். ஆனால் மூன்று கிழமையாக ஒரு துளி மருந்து இல்லாமல் உயிரோடிருந்தார். மூன்றில் ஒன்று. நான் எதிர்பார்த்த அளவு இல்லைதான், என்றாலும் மறுக்க முடியாத ஒன்று.

"ஆதாரம் கேட்டனீங்கள், டொக்டர். கொண்டுவந்திருக்கிறன்."

அவர் முதலில் மரியரட்ணம் எழுதிய கொப்பியைப் பார்த்தார். எழுத்து நல்லாயிருக்கிறது என்றார். பிறகு மற்றதைத் திறந்தார். நான்கைந்து பக்கம் புரட்டினார். புரட்டிய விரல் ஒரு பக்கத்தில் நின்றது.

"உ.த. எண்டு போட்டிருக்கிறீர். அது என்ன?"

"உப்புத் தண்ணி."

"ஊசியிலையோ?"

"ஓம்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். துடைக்கவில்லை.

"கிறகோரிக்கும்?"

"அளவு மூண்டு பேருக்கும் ஒண்டுதான் டொக்டர். கை வைச்சதிலைதான் வித்தியாசம். கதிரவேலு அண்ணையைப் பாருங்கோ, இண்டைக்கும்…"

"கதிரவேலுவுக்கு ஊசி இல்லாமலும் கொஞ்சக் காலம் ஓடும். அது வேறை வகை வருத்தம், வயசு போய் வந்தது. அந்தப் பிள்ளைக்கு வந்தது அப்பிடியில்லை. அவளுக்கு மருந்துதான் உயிர். இது உமக்குத் தெரியாதோ?"

தெரியும் என்றோ தெரியாது என்றோ நான் சொல்லவில்லை. அது அவருடைய கருத்து. கதிரவேலு அண்ணைக்கு ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நான் கை வைத்திருக்கிறேன். அதைக் கணக்கில் எடுக்காமல் எப்படிக் கதைப்பது?

டொக்டர் கொப்பியை மூடித் தள்ளி வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ஞானாம்பிகைக்கு?"

"அவவை நான் சேர்க்கேல்லை. வீட்டு ஆளைச் சேர்க்கிறது முறையில்லை."

"அவவின்ரை ஊசி?"

"முழு அளவு."

"இதுகளிலை குறைச்ச மருந்தை என்ன செய்தனீர்?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. அது ஆராய்ச்சியைப் பற்றிய கேள்வி அல்ல. ஆனால் நான் பொய் சொல்கிறவன் அல்ல. அந்த மருந்து குப்பியிலேயே மிச்சம் இருந்தது. இருக்கிற மருந்தை எறிவது இந்தக் காலத்தில் பெரிய பாவம். ஆகவே ஞானாம்பிகைக்குப் போட்டேன். சித்திரையிலும் வைகாசியிலும் கப்பலில் எங்களுக்கு ஒரு குப்பியும் வரவில்லை. அந்த இரண்டு மாதமும் அவளுடைய குழாய் ஒருநாளும் பச்சையைத் தாண்டவில்லை. இதைத்தான் அவரிடமும் சொன்னேன்.

டொக்டர் எழும்பிச் சைக்கிளை எடுத்தார். கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டார். நான் பின்னால் என் சைக்கிளில் போனேன். நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஞானாம்பிகை குசினி வாசற்படியில் இருந்தாள். டொக்டர் முன்னால் நின்றார். அவர் சொல்லி முடித்துவிட்டார் என்று அவளுடைய முகத்தில் தெரிந்தது. என்னிடம் ஒன்று மட்டும் கேட்டாள்.

"அண்டைக்குச் சீட்டு எடுக்கச் சொன்னது இதுக்கோ?"

ஓம் என்றேன். அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

டொக்டர் உங்களிடம் வந்தது அன்று பின்னேரம். நீங்கள் என்னைக் கூட்டிப்போக வந்தது மூன்றாம் நாள். இடையில் நடந்ததைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

அன்று பின்னேர ஊசிக்கு அவள் கையை நீட்டவில்லை. அடுத்த நாளும் இல்லை. "அந்தப் பிள்ளையின்ரை மருந்து எனக்கு வேண்டாம்," என்றாள். கத்தவில்லை, அழவில்லை. வழக்கம்போலச் சோறு வடித்து எனக்குப் போட்டாள். இரண்டாம் நாள் மத்தியானம் சத்தி எடுத்தாள். தண்ணீர் தண்ணீரென்று குடித்தாள். நான் அவளிடம் கேட்காமலே குழாயைச் சூடாக்கிப் பார்த்தேன். நீலம் ஒரு நொடிகூட நிற்கவில்லை, செங்கல்லாகிவிட்டது. இருபத்தாறு வருடத்தில் அவளுடைய குழாயில் அந்த நிறத்தை நான் கண்டதில்லை.

ஊசியை அவித்து மருந்தை இழுத்துக்கொண்டு போனேன். முழு அளவு. அவள் சுவரில் சாய்ந்து இருந்தாள். மூச்சு வாங்கியது. ஊசியைப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் இரண்டு கைகளையும் மூடிக்கொண்டாள்.

"ஊசி வேண்டாம். கையை வையுங்கோ," என்றாள்.

"ஞானம், விசர்க்கதை கதையாதையும். கையை நீட்டும்."

"ஏன், மரியரட்ணத்துக்கு வைச்சனீங்கள்தானே? நாலு மணித்தியாலம் வைச்சனீங்களாம். எனக்கும் வையுங்கோ. நான் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறன்."

உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டாள். தலையைக் கொஞ்சம் குனிந்து எனக்கு வசதியாக வைத்தாள். வீட்டில் வேறு எவரும் இல்லை. நான் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு டொக்டரிடம் ஓடினேன். வேட்டி சங்கிலிக்குள் சிக்கிக் கிழிந்தது. இறங்கி எடுக்கவும் நேரமிருக்கவில்லை. டொக்டர் தன்னிடம் தனியாக இருந்த ஒரு குப்பியைக் கொண்டுவந்து, அது வேறு மருந்து, எவருடையதும் இல்லை என்று மாதாவின் பெயராலும் பிள்ளையாரின் பெயராலும் சத்தியம் செய்த பிறகுதான் அவள் கையை நீட்டினாள். இப்போது அளவெட்டியில் தங்கை வீட்டில் இருக்கிறாளாம். என்னைப் பார்க்க விரும்பவில்லையாம். நேற்றுச் சொன்னீர்கள்.

மருந்தைக் குறைத்தேன். கிறகோரியும் மரியரட்ணமும் அதனால் இறந்தார்கள் என்று நீங்கள் எழுதினால் நான் கையெழுத்துப் போடுகிறேன். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் என் மனைவிக்கு நான் ஏன் கை வைக்கவில்லை என்ற கேள்விக்கு நீங்களாக ஒரு பதிலை எழுதிக்கொள்ள வேண்டாம். சக்தி உள்ளே இறங்குவதற்கு நோயாளியின் மனம் அமைதியாக இருக்க வேண்டும். அன்றைக்கு ஞானாம்பிகையின் மனநிலை சிகிச்சைக்கு ஏற்றதாக இருக்கவில்லை. காரணம் அது மட்டும்தான்.